நகையும் பெருமிதமும்: நடுவயதுக் குத்துச்சண்டைப் படங்கள்

சில மாதங்களுக்கு முன், விளையாட்டுத்துறைக் குறிப்பு ஒன்று மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. அதில் ஓரிடத்தில் 'அண்டர்டாக்' என்னும் ஆங்கிலச் சொல் இருந்தது. நாய்ச்சண்டையிலே மற்றொரு நாய்க்குக் கீழே அகப்பட்டுக்கொண்ட நாயைக் குறித்துப் பிறந்த சொல் அது. அகராதியைப் புரட்டினால் 'எளியவன்' என்றும் 'நலிந்தவன்' என்றும் பொருள் கிடைக்கிறது. ஆனால் எளியவர் எல்லாரும் அண்டர்டாக் ஆகிவிடுவதில்லை. எளியவன் ஒருவன் போட்டியில் இறங்கவேண்டும். அவன் தோற்பது உறுதி என்று ஊரார் முன்னதாகவே தீர்ப்பு எழுதிவிடவும் வேண்டும். அப்பொழுதுதான் அச்சொல் அவனுக்குப் பொருந்தும். நெடுநேரம் எண்ணிப் பார்த்து, 'தோற்பான் எனப்பட்டவன்' என்று எழுதி அனுப்பினேன். மேலதிகாரி ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டுத் திருப்பி அனுப்பினார்.

அந்தக் கேள்விக்குறிதான் என்னைத் திரைப்படங்களின் பக்கம் கொண்டுசென்றது. தோற்பான் எனப்பட்டவனைப் பற்றிய கதைகளைத் திரைப்படம் தோன்றிய நாள்தொட்டே மக்கள் விரும்பிப் பார்த்து வருகிறார்கள். அவற்றுள் ஒரு வகை, குத்துச்சண்டையைக் களமாகக் கொண்ட நகைச்சுவைப் படம். அதிலும், இளமை கழிந்த ஒருவன், வாழ்க்கையில் ஒருமுறை தவறவிட்டதை மீண்டும் பெற எண்ணிக் கையுறை அணிந்து மேடை ஏறுவதைக் கூறும் கதைகளுக்குத் தனி இடம் உண்டு. இக்கதைகளைக் கண்டு நாம் ஏன் முதலில் சிரிக்கிறோம், முடிவில் ஏன் கண்கலங்குகிறோம் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். குத்துச்சண்டை மேடையை ஆங்கிலத்தில் வளையம் என்னும் பொருள்படவே அழைக்கிறார்கள். உண்மையில் அது கயிறு கட்டிய சதுரம். 1867ஆம் ஆண்டில் குவீன்ஸ்பரிப் பிரபுவின் பெயரால் வெளியான விதிகளே இன்றைய ஆட்டத்துக்கு அடிப்படை. கையுறை அணியவேண்டும், சுற்று ஒன்றுக்கு 3 நிமிடம், சுற்றுகளுக்கிடையே 1 நிமிட ஓய்வு, அடிபட்டு வீழ்ந்தவன் 10 விநாடிக்குள் எழுந்து நிற்கவேண்டும். இக்கடைசி விதியைச் சற்றே கவனியுங்கள். வீழ்ந்தவன் எழுவதற்கென்று 10 விநாடியை ஒதுக்கி, அதனை நடுவர் உரக்க எண்ணவும் வேண்டும் என்று இவ்வாட்டத்தின் சட்டம் கூறுகிறது. இரண்டாம் வாய்ப்பு என்பது இங்கே எழுதிவைத்த விதியாகவே இருக்கிறது. கதாசிரியர்கள் குத்துச்சண்டையை மீண்டும் மீண்டும் நாடியதில் வியப்பென்ன?

வேறொரு காரணமும் உண்டு. கிரிக்கெட் ஆட்டத்தில் வயதான ஆட்டக்காரரை அதிகம் ஓடவேண்டாத இடத்தில் நிறுத்திக் காப்பாற்றலாம். பக்கத்தில் நிற்கும் இளைஞர் அவருக்காகவும் சேர்த்து ஓடுவார். குத்துச்சண்டையில் மறைப்பதற்கு இடமில்லை. மேலாடையின்றி விளக்கொளியில் நிற்கவேண்டும். தொப்பையும் தளர்ந்த தோளும் தாமே வயதைச் சொல்லிவிடும். மூச்சு வாங்குவதைக் கடைசி வரிசையில் இருப்பவரும் காண்பார். நடுவயதை ஒளிவுமறைவின்றிக் காட்டும் கண்ணாடி என்று அம்மேடையைச் சொல்லலாம்.

இனி, சிரிப்பு எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். இதற்கு நாம் வெளிநாட்டு நூல்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகையில் நகையையே முதலில் வைத்தார். அது நான்கு நிலைக்களங்களில் தோன்றும் என்றும் வகுத்தார். எள்ளி நகையாடுதல் ஒன்று, குழந்தைத்தனமாகிய இளமை மற்றொன்று, அறியாமையாகிய பேதைமை மூன்றாவது, மடம் நான்காவது. மடம் என்பதற்கு உரைகாரர் தரும் விளக்கம் நயமானது. பிறர் அறிவிக்க ஏற்றுக்கொண்ட ஒன்றை, எது நேர்ந்தாலும் விடாமற் பற்றிக்கொண்டிருத்தல் என்பது அதன் கருத்து. இந்நான்கும் குத்துச்சண்டை நகைச்சுவைப் படங்களில் எங்ஙனம் அமைந்திருக்கின்றன என்பதை நோக்கும்போது, அவற்றின் உட்பொருளும் புலனாகும்.

சார்லி சாப்ளினிடமிருந்து தொடங்குவோம். அவர் 1915இல் 'தி சாம்பியன்' என்னும் சிறு படத்தை எடுத்தார். பசித்த நாடோடி ஒருவன், பயிற்சிக்குக் கையாள் வேண்டும் என்ற அறிவிப்பைக் கண்டு உள்ளே நுழைகிறான். தனக்கு முன் சென்றவர்கள் ஒவ்வொருவராய் அடிபட்டுத் திரும்புவதைப் பார்த்து அஞ்சி, குதிரை லாடம் ஒன்றைக் கையுறைக்குள் மறைத்துக்கொள்கிறான். இறுதிப் போட்டியில் அவனுடைய நாயே மேடைக்கு வந்து எதிரியைக் கவ்விப் பிடிக்கிறது, அவன் வெல்கிறான். அப்படம் வெளியானபோது சாப்ளினுக்கு வயது 25. அதில் கவலையில்லை, பொறுப்பும் இல்லை. தந்திரத்தால் வென்றவன் சிரிக்கிறான், நாமும் உடன் சிரிக்கிறோம். அவ்வளவுதான்.

16 ஆண்டுகள் கழிந்தன. 1931இல் அவர் எடுத்த 'சிட்டி லைட்ஸ்' படத்திலும் ஒரு குத்துச்சண்டைக் காட்சி வருகிறது. இப்பொழுது அவருக்கு வயது 41. பழைய நாடோடி வேடந்தான். ஆனால் மேடை ஏறும் காரணம் வேறு. பார்வையற்ற பூக்காரப் பெண் ஒருத்தி வாடகை கட்டமுடியாமல் வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் நிலையில் இருக்கிறாள். நாடோடிக்கு இருந்த வேலையும் போய்விட்டது. அடிக்காமல் விளையாடி, கிடைக்கும் பணத்தைப் பாதியாய்ப் பங்கிட்டுக்கொள்வோம் என்று ஒருவன் வாக்களிக்க, அதனை நம்பிச் செல்கிறான். அந்த ஆளோ காவலர் தேடி வருவதாகத் தந்தி வந்ததும் ஓடிவிடுகிறான். அவனுக்குப் பதிலாக வருபவன் பெரிய உடற்கட்டும் இரக்கமற்ற முகமும் உடையவன். வென்றவனுக்கே முழுப் பணம் என்கிறான்.

அதன்பின் நடப்பவற்றை எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு அடங்காது. அறையில் இருந்த மற்றொரு வீரன் முயலின் காலைத் தாயத்தாக வைத்து உடலில் தடவிக்கொள்கிறான். நாடோடியும் அதை வாங்கித் தடவிக்கொள்கிறான். சிறிது நேரத்தில் அந்த வீரனையே நினைவிழந்த நிலையில் தூக்கி வருகிறார்கள். தடவிய அதிர்ஷ்டத்தையெல்லாம் அவசர அவசரமாகத் துடைத்தெறியப் பார்க்கிறான் நாடோடி. மேடையிலோ அவன் நடுவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். நடுவர் நகர அவனும் நகர, எதிரி தேட, மூவரும் சேர்ந்து கூத்தாடுவதுபோல் அக்காட்சி அமைகிறது. மணிக்கயிறு அவன் கழுத்தில் சிக்கி, வேண்டாத வேளையில் மணி ஒலிக்கிறது.

இத்தனை வேடிக்கைக்குப் பிறகு அவன் தோற்கிறான். 1915இல் நாயும் லாடமும் காப்பாற்றின. 1931இல் எதுவும் காப்பாற்றவில்லை. தோற்ற பின்னரும் அவன் அப்பெண்ணை மறந்துவிடவில்லை. வேறு வழியில் பணம் தேடி, வாடகைக்கும் கண் சிகிச்சைக்குமாக அவளிடம் கொடுத்துவிட்டுச் சிறை செல்கிறான். தனக்கு ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்தும் பற்றியதை விடாத அந்த மடமையைத்தான் நாம் சிரித்துக்கொண்டே வணங்குகிறோம். சாப்ளினின் சொந்த வாழ்க்கையிலும் அப்பொழுது அதே பிடிவாதம் இருந்தது. பேசும் படம் 1927இல் வந்துவிட்டது. ஊமைப்படத்தின் காலம் முடிந்ததென்று தொழிலில் இருந்தோர் தீர்மானித்தபின்னும், அவர் இப்படத்தை உரையாடலின்றி, இசையும் ஒலிக்குறிப்பும் மட்டும் சேர்த்தே வெளியிட்டார். தோற்பார் எனப்பட்டவர் அவரும்தான். படம் பெருவெற்றி பெற்றது.

அடுத்து, ஊமைப்பட உலகில் சாப்ளினுக்கு இணையாகப் புகழ்பெற்ற ஹெரால்டு லாயிட். 1923இல் வந்த 'சேஃப்டி லாஸ்ட்' படத்தில் உயர்ந்த கட்டடத்தின் கடிகாரமுள்ளைப் பற்றிக்கொண்டு தொங்கிய மூக்குக்கண்ணாடி இளைஞர் அவர்தாம். பேசும் படம் வந்தபின் அவருடைய செல்வாக்குக் குறைந்துகொண்டே வந்தது. 1936இல், தம் 42ஆம் வயதில், 'தி மில்கி வே' என்னும் குத்துச்சண்டை நகைச்சுவைப் படத்தில் நடித்தார். இயக்கியவர் லியோ மெக்கேரி.

அதில் லாயிட் ஏற்ற வேடம் ஒரு பயந்த பால்காரர். தெருவில் நடந்த கைகலப்பில் அவர் குனிந்துகொள்ள, அவருக்கு விழவேண்டிய அடி குத்துச்சண்டைச் சாம்பியனுக்கு விழுந்துவிடுகிறது. பால்காரரே சாம்பியனை வீழ்த்தினார் என்று பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. சாம்பியனின் மேலாளர் இதையே வியாபாரமாக்கிப் பால்காரரை மேடையேற்றுகிறார். எதிராளிகள் எல்லாரும் பணம் பெற்றுக்கொண்டு வேண்டுமென்றே வீழ்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தம் கைவலிமையே அவர்களை வீழ்த்துகிறதென்று நம்பித் தலைகனம் கொள்கிறார். பேதைமையிலிருந்து நகை பிறப்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

இப்படத்தைப் பார்ப்போர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1919இல் ஒரு புகைப்படம் எடுக்கையில், போலிக் குண்டு என்று கையில் கொடுக்கப்பட்டது வெடித்து, லாயிட் தம் வலக்கைப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தார். அதன்பின் படங்களில் அக்குறை தெரியாதவாறு, விரல் வடிவம் அமைத்த கையுறை ஒன்றை அணிந்தே நடித்தார். கடிகாரமுள்ளில் தொங்கியதும் அந்தக் கைகொண்டே. குத்துச்சண்டைப் படத்தில் அவர் கையை முட்டிபிடித்து உயர்த்துவதைக் கண்டு சிரிக்கும்போது, அப்பெரிய தோலுறைக்குள் இருப்பது எத்தகைய கை என்பதை நினைத்துப் பாருங்கள். சிரிப்பு நின்றுவிடாது, ஆனால் சிரிக்கும் நமக்குள் மரியாதையும் சேர்ந்துகொள்ளும்.

திரைக்கதை இப்படி அமைவது எளிது, வாழ்க்கையில் நடக்குமா என்று நேயர்கள் கேட்கலாம். நடந்திருக்கிறது. ஜார்ஜ் ஃபோர்மன் என்னும் அமெரிக்க வீரர் 1973இல் ஹெவிவெயிட் பிரிவின் உலகச் சாம்பியனானார். 1974 அக்டோபர் 30ஆம் நாள், அன்று ஸயர் எனப்பட்ட காங்கோ நாட்டின் கின்ஷாசா நகரில், முகம்மது அலியிடம் எட்டாம் சுற்றில் வீழ்ந்து பட்டத்தை இழந்தார். 1977இல் ஆட்டத்தை விட்டுச் சமயப் பிரசாரகர் ஆனார். பத்தாண்டுகள் கையுறையைத் தொடவில்லை. 1987இல், தம் 38ஆம் வயதில், பருத்த உடலோடும் மழித்த தலையோடும் மீண்டும் மேடையேறினார். ஹூஸ்டன் நகரில் தாம் நிறுவிய இளைஞர் மையத்துக்குப் பொருள் வேண்டும் என்பது அவர் கூறிய காரணம்.

ஊரே நகைத்தது. பத்திரிகையாளர் எள்ளி எழுதினர். அவர் சினங்கொள்ளவில்லை. தம் உணவு விருப்பத்தையும் உடற்பருமனையும் தாமே கேலிசெய்து பேசினார். இளமையில் சிடுசிடுப்புக்குப் பெயர்போன அந்த மனிதர், எள்ளலைப் பிறரிடமிருந்து தம் கைக்கு மாற்றிக்கொண்டார். 1993இல் தொலைக்காட்சியில் ஓர் நகைச்சுவைத் தொடரிலும் நடித்தார். அதில் அவருக்கு ஓய்வுபெற்ற குத்துச்சண்டை வீரர் வேடம்.

1991இல் இவாண்டர் ஹோலிஃபீல்டுடன் பட்டத்துக்காக மோதிப் புள்ளிக்கணக்கில் தோற்றார். பின்னர் 1994 நவம்பர் 5ஆம் நாள் லாஸ் வேகஸ் நகரில் மைக்கேல் மூரருடன் மோதினார். மூரருக்கு 26 வயது, ஃபோர்மனுக்கு 45. அலியிடம் தோற்றபோது அணிந்திருந்த அதே சிவப்புக் காற்சட்டையை அன்று அணிந்து வந்தார். அன்று அலியின் பக்கம் இருந்த பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி இப்பொழுது ஃபோர்மனின் மூலையில் இருந்தார். ஒன்பது சுற்று முடிந்தபோது மூன்று நீதிபதிகளின் கணக்கிலும் ஃபோர்மன் பின்தங்கியே இருந்தார். பத்தாம் சுற்றில் அவருடைய வலக்கை ஒருமுறை நேராகச் சென்றது. மூரர் வீழ்ந்தார், பத்தெண்ணும் வரை எழவில்லை. ஃபோர்மன் தம் மூலைக்குச் சென்று மண்டியிட்டு வணங்கினார். ஹெவிவெயிட் பட்டம் வென்றோரில் அவரே மிக முதியவர் ஆனார். 2025 மார்ச் 21ஆம் நாள், 76ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் வாழ்க்கை 2023இல் திரைப்படமாகவும் வந்தது.

எஞ்சியது இளமை என்னும் நிலைக்களம். 2013இல் வந்த 'கிரட்ஜ் மேட்ச்' என்னும் நகைச்சுவைப் படம் இதற்குப் பொருத்தமானது. பிட்ஸ்பர்க் நகரத்து வீரர் இருவர் இளமையில் இரண்டு முறை மோதி, ஆளுக்கொரு வெற்றி பெற்றிருக்கிறார்கள். மூன்றாவது போட்டி நடக்கவில்லை. 30 ஆண்டுகளுக்குப் பின் அக்கணக்கைத் தீர்க்க அவர்களை மீண்டும் அழைக்கிறார்கள். வேடமேற்றவர்கள் 67 வயதான சில்வெஸ்டர் ஸ்டாலோனும் 70 வயதான ராபர்ட் டி நீரோவும். முன்னவர் 1976இல் 'ராக்கி' படத்திலும், பின்னவர் 1980இல் 'ரேஜிங் புல்' படத்திலும் குத்துச்சண்டை வீரராகப் புகழ்பெற்றவர்கள். நடுவயதையும் கடந்த அவ்விருவரும் பள்ளிச் சிறுவர்போல் சண்டையிட்டுக்கொள்வதுதான் அங்கே நகை. ஆனால் இறுதிப் போட்டியில் கதை வேறு திசையில் திரும்புகிறது. ஒருவனுக்கு ஒரு கண் தெரியாது என்பதை அறிந்த மற்றவன், அந்தப் பக்கம் தாக்குவதை நிறுத்திக்கொள்கிறான். வீழ்ந்தவனை எதிரியே தூக்கி நிறுத்துகிறான். வெற்றி ஒருவனுக்குத்தான், அதுவும் மிகச் சிறிய வேறுபாட்டில். பார்ப்போர் மனத்தில் நிற்பதோ வீழ்ந்தவனுக்கு நீட்டிய கை.

இங்கே ஒன்று தெளிவாகிறது. நான்கு வகை நகையிலும் தொடங்கும் இப்படங்கள் நகையோடு முடிவதில்லை. அவை பெருமிதத்தில் போய் முடிகின்றன. பெருமிதத்துக்கும் தொல்காப்பியர் நான்கு நிலைக்களம் கூறினார்: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. இந்நான்கினுள் வெற்றி தனியே எண்ணப்படவில்லை என்பதைக் கருதுங்கள். சாப்ளினின் நாடோடி தோற்றான்; அவன் பெருமிதம் கொடையால் வந்தது. 'ராக்கி' படத்தின் நாயகனும் தோற்றான். கடைசிச் சுற்றுவரை நின்றதே அவன் வேண்டியது. அக்கதைக்கு வித்தான நிகழ்ச்சியும் தோல்விதான். 1975 மார்ச் 24ஆம் நாள், மதுவகை விற்கும் வேலையில் இருந்த சக் வெப்னர் என்பவர், தம் 36ஆம் வயதில் முகம்மது அலியை எதிர்த்துப் பதினைந்தாம் சுற்றுவரை தாக்குப்பிடித்தார். சில விநாடிகளே எஞ்சியிருக்கையில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அதைப் பார்த்த ஸ்டாலோன் கதை எழுத உட்கார்ந்தார்.

ஆதலின், இளைஞனுக்குரிய கதை வெற்றியை வேண்டும். நடுவயதினனுக்குரிய கதை காரணத்தை வேண்டும். யாருக்காக ஏறினாய், எதனை விடாமல் நின்றாய் என்றே அது கேட்கிறது. இழந்த இளமையை மீட்பது இரண்டாம் வாய்ப்பின் நோக்கமாயின், அது கேலிக்கூத்தாகவே முடியும். இன்று இருக்கும் உடலைக் கொண்டு, அன்று நிறுத்திய வேலையை முடிப்பது நோக்கமாயின், தோற்றாலும் அது வீணாகாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். திரைப்படம் பல மாதப் பயிற்சியை ஒரு பாட்டின் நேரத்தில் முடித்துவிடும், வலியை வேடிக்கையாக்கிவிடும். உண்மையான மேடையில் தலையில் விழும் அடி வேடிக்கை அன்று. 1982இல் கொரிய வீரர் டுக் கூ கிம் போட்டியில் பட்ட காயத்தால் உயிரிழந்த பிறகே, பட்டப் போட்டிகளின் 15 சுற்றுகள் படிப்படியாக 12 ஆகக் குறைக்கப்பட்டன. மாபெரும் வீரரான முகம்மது அலிக்கு 1984இல் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு இடமில்லை என்னும் விதியும் காரணமின்றி வந்ததன்று. ஆகவே இப்பேச்சைக் கேட்டு நாற்பதைக் கடந்த நேயர் எவரும் கையுறை வாங்கப் புறப்படவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால், வயது கடந்தபின் குத்துச்சண்டையில் இரண்டாம் வாய்ப்பே இல்லையா? மற்றொரு வழி உண்டு என்று காட்டியது 2016இல் வெளிவந்த 'இறுதிச்சுற்று'. இந்தியில் 'சாலா கடூஸ்' என்ற பெயரில் உடன் வெளியான அப்படத்தை இயக்கியவர் சுதா கொங்கரா. தம் ஆட்டக்காலத்தில் வெல்லமுடியாமற்போன பயிற்சியாளர் ஒருவர், கசப்போடு சென்னைக்கு மாற்றலாகி வருகிறார். மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தியிடம் அரிய திறமையைக் காண்கிறார். அவளுடைய வாய்த்துடுக்கும் அவருடைய முன்கோபமும் மோதுமிடமெல்லாம் சிரிப்பு எழுகிறது. மாதவன் ஏற்ற அப்பயிற்சியாளர் மேடையேறவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்றே தம் பழைய கடனைத் தீர்க்கிறார். பெருமிதத்தின் முதல் நிலைக்களம் கல்வி அன்றோ? தான் கற்றதைப் பிறர் கையில் சேர்ப்பதும் இரண்டாம் வாய்ப்பே.

இனி என் செய்தி ஒன்றைக் கூறி முடிக்கிறேன். எங்கள் பணியில் மேல்நிலைப் பதவிக்கான தேர்வு ஒன்று உண்டு. 29ஆம் வயதில் அதை எழுதித் தோற்றேன். புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். 15 ஆண்டுகள் கழித்து, அதாவது என் 44ஆம் வயதில், அக்கட்டைக் கீழே இறக்கினேன். தூசியைத் தட்டிய என் மனைவி, "எழுதுகிறதானால் எழுதுங்கள், ஆனால் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போய் நிற்காதீர்கள்" என்றாள். ஊக்கம் என்பது வீட்டுக்கு வீடு வெவ்வேறு சொற்களில் வரும்.

தேர்வு நாளன்று பள்ளி வாயிலில் நின்ற இளங்காவலர் என்னைத் தடுத்து, "அங்கிள்ஜி, பெற்றோர்கள் வெளியேதான் காத்திருக்கவேண்டும்" என்று மிக்க மரியாதையோடு கூறினார். அனுமதிச் சீட்டைக் காட்டினேன். அவர் அதையும் என் தலைநரையையும் மாறிமாறிப் பார்த்தார். வரிசையில் நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஃபோர்மனை அப்பொழுது நினைத்தேனா என்றால், இல்லை. பின்னர்தான் நினைத்தேன்.

மூன்று மணி நேரம் எழுதினேன். முதல் மணி நேரத்திலேயே விரல்கள் வலித்தன. பாதியில் எழுந்து போய்விடலாம் என்று ஒருமுறை தோன்றியது. 29ஆம் வயதில் அப்படித்தான் கடைசி விடைத்தாளைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். இம்முறை மணி அடிக்கும்வரை எழுதினேன். முடிவு வெளியானபோது 3 மதிப்பெண் குறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "புத்தகத்தை மறுபடி பரணில் போடவேண்டுமா?" என்று கேட்டாள் மனைவி. வேண்டாம் என்றேன். இப்பொழுது அவை மேசைமேல் இருக்கின்றன. அலுவலகத்து இளைஞர் இருவர் மாலையில் வந்து என்னோடு சேர்ந்து படிக்கிறார்கள். அடுத்த தேர்வுக்கு மூவரும் விண்ணப்பித்திருக்கிறோம்.

அந்தப் பழைய கோப்புக்கும் பதில் எழுதினேன். 'தோற்பான் எனப்பட்டவன்' என்பதை மாற்றவில்லை. 'எனப்பட்டவன்' என்ற சொல் அங்கே ஏன் வேண்டும் என்பதை மட்டும் ஓரிரு வரிகளில் விளக்கினேன். தோற்பான் என்பது பிறர் கூறியது. அவன் இன்னும் கூறவில்லை. மேலதிகாரி இம்முறை கேள்விக்குறி இடாமல் கையெழுத்திட்டு அனுப்பினார்.